குப்பை என்று பெயர் வைத்த டிராக்

“ஃபேன் போடக்கூடாது, மிக்ஸி போடக்கூடாது, குழாயைத் திறக்கக்கூடாது, இப்ப இருமக்கூட உன்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா ஜெசி, இது வீடா இல்ல உங்க கான்வென்ட்டா?” என்று கேட்டார். நான் ஒரு எழுத்துக்கூடச் சேர்க்கவில்லை. வேண்டுமானால் போட்டே காட்டுகிறேன், மைக் ஓடிக்கொண்டுதான் இருந்தது, மதியம் இரண்டு நாற்பத்திரண்டு, ஒவ்வொரு சொல்லும் பச்சை நிறத்தில் குன்று குன்றாகத் திரையில் விழுந்திருக்கிறது. ரயில்வேயில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றவர், இருபத்தெட்டு வருஷமாக என்னிடம் ஒரு வாக்கியத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் பேசியிராத என் கணவர் இன்னாசிமுத்து, வக்கீல் மாதிரி அடுக்கிக் கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அப்படி நான் என்ன கேட்டுவிட்டேன்? வேணும்னே பண்றீங்களா என்று கேட்டேன். அவ்வளவுதான். மூன்றாவது தடவையாகப் பாடுகிறேன், நானே எழுதிய மாதா பாட்டு, எட்டே வரி, நாலாவது வரியில் மூச்சை இழுத்துப் பிடித்து மேலே போகிற இடம், அந்த இடத்தில்தான், சரியாக அந்த இடத்தில்தான், அடுப்படிப் பக்கத்திலிருந்து ஒரு இருமல். முதல் தடவை விட்டேன். இரண்டாவது தடவை கண்ணை மூடிக்கொண்டேன். மூன்றாவது தடவையும் அதே இடம் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? படுக்கையறைக் கதவுப் பிடியில் சிவப்புத் துணிக் கிளிப் மாட்டியிருந்தால் ரெக்கார்டிங் நடக்கிறது, சத்தம் வரக்கூடாது என்று ஈஸ்டருக்கு மறுவாரமே சொல்லியாயிற்று. சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும். மைக்குக்குப் பின்னால் கம்பளியும் ஜமக்காளமும் தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, திருச்சி வெயிலில் இட்லிப் பானைக்குள் நிற்கிற மாதிரி நான் நிற்கிறேன், ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, இவருக்கு ஒரு இருமலை அடக்க முடியாதாம். பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்துகிற எழுந்தேற்ற நேரத்தில் அடக்குகிறாரே, அப்போது மட்டும் தொண்டை எங்கே போகிறது?

பொறாமைதான், வேறென்ன. ஐம்பத்திரண்டு வயதில் பெண்டாட்டி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பாட்டுத் தயாரிக்கக் கற்றுக்கொள்கிறாள், இவர் பேப்பரை இரண்டு தடவை படித்துவிட்டு மூன்றாவது தடவைக்கு என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறார், அந்த எரிச்சல். எல்லோருக்கும் இருக்கிறது. கோயில் பாடகர் குழுவில் இருபத்திரண்டு வருஷம் கீபோர்டு வாசித்தேன், ஒரு ஞாயிறு விடாமல், மகள் ஷைனி வயிற்றில் இருந்தபோதுகூட. சாம்பல் புதன் அன்று புது மாஸ்டர் எட்வின் ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்து ஸ்பீக்கரில் செருகினான், வயலின், தபேலா, புல்லாங்குழல் எல்லாம் ரெடிமேடாக வருகிறது, மேலே குரல் மட்டும் சேர்த்தால் போதும். “இனிமே நீங்க ரெஸ்ட் எடுக்கலாம் ஆன்ட்டி, எல்லாம் இதுலயே வந்துரும்” என்றான். ரெஸ்ட்டாம். சிரித்துக்கொண்டே சொன்னான், சிரிக்கிறவர்களை நான் நம்புவதில்லை. அந்த ரெடிமேடை நானே செய்து காட்டுகிறேன் என்றுதான் இந்த வகுப்பில் சேர்ந்தேன், திங்கள், வியாழன் காலை பத்து மணிக்கு ஆன்லைனில். டீச்சர் தஸ்லிமா, முப்பத்தைந்து இருக்கும், சென்னையிலிருந்து பேசுகிறாள், எதற்கெடுத்தாலும் “சூப்பர் மேம்.” மற்ற பதினோரு பேரும் வீடியோவை அணைத்துக்கொண்டு பெயர்ப் பலகையாக உட்கார்ந்திருக்கிறார்கள், என் முறை வரும்போது மட்டும் எல்லோரும் மைக்கை ம்யூட் செய்கிறார்கள், சிரிக்கத்தான் என்று எனக்குத் தெரியாதா? கீழே வீட்டுச் சுந்தரி லிஃப்டில் பார்த்தபோது “உங்க வீட்ல தினம் ஒரே பாட்டு கேக்குதே, சிடி கோடு விழுந்துருச்சா?” என்று கேட்டாள். அதுவும் சிரித்துக்கொண்டே. ஆனால் ஹெட்ஃபோன் வாங்கிக் கொடுத்தது இவர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். காதை முழுக்க மூடுகிற பெரிய ஹெட்ஃபோன், கறுப்பு, பெட்டியைத் திறந்தபோது புதுச் செருப்பு வாசனை. கல்யாண நாளுக்கு ஒரு முழம் பூ வாங்கி வரவே மூன்று தடவை சொல்ல வேண்டிய மனிதர், தானாகப் போய், தானாக விசாரித்து, “இதை மாட்டிட்டா வெளிச்சத்தம் ஒண்ணும் கேக்காதாம் ஜெசி, கடையில சொன்னான்” என்று என் தலையில் மாட்டி, முடியை ஒதுக்கிவிட்டு, எட்டி நின்று பார்த்தார். அன்றைக்கே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. இவ்வளவு பிரியம் எங்கிருந்து வந்தது? ஷைனிக்கு போன் போட்டுச் சொன்னேன், பெங்களூரிலிருந்து அவளும் சிரித்தாள், “டாடி ஒண்ணு வாங்கிக் குடுத்தா சந்தோஷமா வாங்கிக்க மாட்டியாம்மா, உள்ள ஏதாவது பாம் வச்சிருப்பாரா?” என்றாள். பாம் இல்லை. ஆனால் ஏதோ இருந்தது.

சரி, வேண்டுமென்றே செய்கிறாரா இல்லையா, சாட்சியோடு நிரூபித்துவிடுகிறேன். என்னிடம் சாட்சி இருக்கிறது. தஸ்லிமா முதல் வகுப்பிலேயே ஒரு விதி சொன்னாள், “எதையும் டெலீட் பண்ணாதீங்க மேம், வேணாம்னு வெட்டினதைக் கீழே ஒரு தனி டிராக்ல போட்டு ம்யூட் பண்ணி வைங்க, பின்னாடி தேவைப்படும்.” என்ன தேவைப்படும், வெட்டிய நகம் யாருக்காவது தேவைப்படுமா என்று நினைத்தேன், இருந்தாலும் டீச்சர் சொன்னால் செய்வது என் ரத்தத்தில் ஊறியது, கடைசியாக ஒரு டிராக் திறந்து ‘குப்பை’ என்று பெயர் வைத்தேன். குரலில், தட்டில், உலக்கையில், சல்லடையில் (வீட்டுச் சாமான்களின் சத்தத்தில் தாளம் செய்து வா என்று ஒரு வீட்டுப்பாடம்) எங்கெல்லாம் இருமல் விழுந்ததோ அதையெல்லாம் கீரையில் புல்லைக் கிள்ளுகிற மாதிரி கிள்ளி எடுத்து அதில் போட்டேன். பத்து வாரத்துக் குப்பை, ஒவ்வொரு துண்டிலும் கம்ப்யூட்டரே தேதி ஒட்டி வைத்திருக்கிறது. பிடிப்பதில் எனக்கு நிகர் கிடையாது. நான் படித்த கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் ஒரு மரக்கட்டை இருந்தது, உள்ளங்கை அகலம், கயிறு கோத்தது. தமிழில் பேசுகிறவள் கழுத்தில் சிஸ்டர் க்ளெமன்ஸ் அதை மாட்டிவிடுவார்கள், இன்னொருத்தி தமிழில் பேசும்போது கையும் களவுமாகப் பிடித்தால்தான் அவள் கழுத்துக்கு மாற்றலாம், சாயங்கால மணி அடிக்கும்போது யார் கழுத்தில் இருக்கிறதோ அவள் முட்டி போட வேண்டும். ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் முட்டி போட்டதில்லை. தூணுக்குப் பின்னால் நிற்பேன், தண்ணீர்க் குழாயடியில் ஷூ லேஸ் கட்டுகிற மாதிரி குனிந்திருப்பேன், கூட்டிப் பெருக்குகிற சத்தத்துக்கு நடுவில்கூட ஒரு ‘அய்யோ’ விழுந்தால் போதும், கட்டை கை மாறிவிடும். தேள் கொட்டி ‘அம்மா’ என்று கத்திய எஸ்தர் கழுத்தில்கூட மாட்டினேன். சட்டம் சட்டம்தானே. இந்தக் காது அங்கே தீட்டின காது. இவர் எனக்கு முன்னால் எம்மாத்திரம்?

மற்ற எல்லா டிராக்கையும் ம்யூட் செய்துவிட்டு, குப்பையை மட்டும் திறந்துவிட்டேன். என் பாட்டு இல்லை, தாளம் இல்லை, கிளிக் கிளிக் என்கிற மெட்ரோனோம்கூட இல்லை. ஹெட்ஃபோனுக்குள் வெறும் ஹால் சத்தம், மூடிய ஜன்னலின் சத்தம், அப்புறம் ஏப்ரல் பதினேழாம் தேதி இருமல். ஒன்று. கதவை விரலால் தட்டுகிற மாதிரி, நான் இருக்கிறேன் என்கிற மாதிரி. நாலாவது வரியிலா? இல்லை. அது சல்லடைத் தாளம், அதில் வரியே கிடையாது. ஏப்ரல் இருபத்தொன்று, ஒன்று. இருபத்தைந்து, இரண்டு, நடுவில் ஒரு இடைவெளி, தொண்டையைச் செருமுகிற சத்தம். முதல் வரி, ஆறாவது வரி, பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னால், உலக்கை விழுகிறதுக்குப் பின்னால். நாலாவது வரி என்று ஒரு கணக்கும் இல்லை, இன்றைக்கு மட்டும்தான் மூன்று தடவையும் அங்கே விழுந்திருக்கிறது. அல்லது அங்கே விழுந்தது மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருக்கிறதா? மே மாதத்துத் துண்டுகள் நீளமாக இருக்கின்றன. நான்தானே வெட்டினேன், வெட்டும்போது நீளம் தெரியவில்லையா? தெரிந்தது, சனியன் இன்றைக்கு இவ்வளவு நேரம் தின்றுவிட்டது என்று திட்டிக்கொண்டே வெட்டினேன். மே ஒன்பது, மூன்று இருமல், அடைத்துக்கொண்டு வருகிறது, துணியை வாயில் வைத்து அமுக்குகிற சத்தம். மே இருபது, எண்ண முடியவில்லை. ஜூன் முதல் வாரத்தில் வேறு ஒன்று சேர்ந்திருக்கிறது. இருமல் முடிந்ததும் முடியவில்லை, பின்னாலேயே ஒரு வால், மெல்லிய விசில், காலி பாட்டில் வாயில் காற்று போகிற மாதிரி. அந்த வாலை எனக்குத் தெரியும். எங்கே கேட்டேன்? ஹெட்ஃபோனைக் கழற்றினேன், மாட்டினேன். இவருடைய அண்ணன் சவரிமுத்து, ஷைனி கோயிலில் முதன்முதலாக நன்மை வாங்கிய புதுநன்மை விருந்துக்கு வந்திருந்தபோது, பந்தியில் பாயசம் கேட்டுவிட்டு இருமினார், பக்கத்தில் நான் கரண்டியோடு நின்றேன், இருமி முடித்ததும் அந்த விசில். “தூசிம்மா, வேற ஒண்ணுமில்ல” என்றார். யாரிடமும் சொல்லவில்லை அவர். நாலு மாதம். அஞ்சாவது மாதம் நாங்கள் எல்லோரும் கறுப்பில் நின்றோம். இல்லை, இது வேறு, இவருக்கு அலர்ஜி, எனக்குத் தெரியும், நான் தொங்கவிட்டிருக்கிற கம்பளித் தூசிதான், ஜன்னலைச் சாத்துகிறேன், ஃபேனை நிறுத்துகிறேன், புழுக்கம், அதனால்தான். தூசிம்மா. ஐயோ, அதே வார்த்தை.

கடைசியில் ஒரு நீளமான துண்டு கிடந்தது, இருபத்து மூன்று நிமிஷம், ஜூன் ஐந்து, வியாழக்கிழமை. இது எனக்கு ஞாபகம் இருக்கிறது. மாடியில் வடகத்தைக் காக்கை கொத்துகிறது என்று சுந்தரி கத்தினாள், ரெக்கார்டிங்கை நிறுத்தாமல் ஓடிவிட்டேன், திரும்பி வந்து மொத்தத்தையும் கேட்காமலே வெட்டிக் குப்பையில் தள்ளினேன். இப்போது கேட்கிறேன். என் செருப்புச் சத்தம், கதவு, அப்புறம் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. பிறகு இவருடைய நடை, ஹாலுக்கே வருகிறார், மைக்குக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறார், அது முனகுகிறது. போன். தெளிவாக, பூசையில் வாசகம் வாசிக்கிற மாதிரி தெளிவாக. “சொல்லும்மா... ஆமா, நான்தான் பேசறேன்... திங்கக்கிழமையா? எத்தனை மணிக்கு?... சரி... இல்லம்மா, வீட்டு நம்பருக்கு யாரும் பேச வேணாம், இதுக்கே கூப்பிடு... இல்ல, அவளுக்குத் தெரியாது. தெரியவும் வேணாம்.” நிறுத்தினேன். காதுக்குள் என் ரத்தம்தான் அடிக்கிறது, மெட்ரோனோம் மாதிரி, வேகம் நூற்று இருபது இருக்கும். அம்மாவாம். எந்த அம்மா? அறுபத்தோரு வயதில் என்ன அம்மா? காலையில் வாக்கிங் என்று போய் ஒன்பது மணிக்குத் திரும்பியதெல்லாம், சட்டையை இஸ்திரி போட்டுக் கேட்டதெல்லாம், ஹெட்ஃபோன், ஹெட்ஃபோன்! வெளிச்சத்தம் ஒண்ணும் கேக்காதாம். காதை அடைத்து உட்கார வைத்துவிட்டு, அடுத்த அறையில் பேசுவதற்கு. நான் அப்போதே நினைத்தேன். நான் எப்போதுமே சரியாகத்தான் நினைக்கிறேன். இரண்டு நிமிஷம் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா, கட்டையைக் கையில் எடுத்துக்கொண்ட நிம்மதி, இப்போதே கதவைத் திறந்து கழுத்தில் மாட்டலாம். மீதியையும் கேட்டுவிட்டுப் போவோம் என்று ஓடவிட்டேன். “முந்தின நாள் ராத்திரியிலேருந்து தண்ணிகூடக் குடிக்கக்கூடாதா? காப்பி?... அதுவும் கூடாதா... சரி. மயக்க மருந்தா?... அப்ப கூட ஆள் வரணுமா? கண்டிப்பா வேணுமா?... சரிம்மா. பாக்கறேன். பாத்துச் சொல்றேன்.” போனை வைத்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மைக் முன்னால். நாலு நிமிஷம் ஒரு மனிதர் மூச்சு விடுகிற சத்தம் மட்டும், உள்ளே போகும்போது ஒரு சத்தம், வெளியே வரும்போது அந்த விசில்.

திங்கட்கிழமை. ஜூன் ஒன்பது. காலையில் இட்லி வைத்தேன், தட்டைத் தள்ளினார். காப்பியையும் தள்ளினார். “இன்னைக்கு ஒருசந்தி” என்றார். நான் சிரித்தேன். தவக்காலம் முடிந்து ஏழு வாரம், வெள்ளிக்கிழமைகூட இல்லை. “திங்கக்கிழமை ஒருசந்தி இருக்க நீங்க எப்ப சிவபக்தர் ஆனீங்க?” என்றேன். நல்ல ஜோக், எனக்கே பிடித்திருந்தது, சுந்தரியிடம்கூடச் சொன்னேன். அவரும் சிரித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர், முதல் தடவையாக ஒரு பொய் சொல்கிறார், அதைக்கூடக் கோயில் காலண்டரைப் பார்க்காமல் சொல்கிறார், ஊரையே பிடித்த நான் அதை விட்டுவிட்டேன். பிறகு வாசற்படியில் செருப்பு மாட்டிக்கொண்டே, “ஜெசி, இன்னைக்கு உனக்குக் கிளாஸ் இருக்கா?” என்று கேட்டார். இருக்கு, ஏன் என்றேன், என் குரல் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், அதை ரெக்கார்ட் செய்ய வேண்டியதில்லை. “சும்மா” என்றார். கூட ஆள் வரணும். கண்டிப்பா வேணும். பாத்துச் சொல்றேன். அவர் பார்த்தார், நான் ஹெட்ஃபோன் ஒயரின் சிக்கை எடுத்துக்கொண்டிருந்தேன். யாரைக் கூட்டிப் போனார்? ஆட்டோக்காரனையா? யார் கையெழுத்துப் போட்டார்கள்? இரண்டு மணிக்கு வந்து படுத்தவர் ஆறு மணி வரைக்கும் எழுந்திருக்கவில்லை, முழங்கை மடிப்பில் ஒரு வெள்ளைப் பிளாஸ்திரி, என்ன இது என்றதற்கு எறும்பு கடித்ததாம். குரல் கம்மிப் போயிருந்தது. “உங்களுக்கு என்ன, நானா பாட வேண்டியவ, நீங்களா?” என்று கேட்டேன். கேட்டேனே. இன்றைக்கு ஜூன் பத்தொன்பது. பத்து நாள் ஆயிற்று. ரிசல்ட் வந்திருக்குமா? வந்து, கையில் வைத்துக்கொண்டுதான், “இப்ப இருமக்கூட உன்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா” என்று கேட்டாரா? ஷைனிக்குத் தெரியுமா? டாடி வாங்கிக் குடுத்தா சந்தோஷமா வாங்கிக்க மாட்டியா என்றாளே, அது என்ன? எல்லோரும் சேர்ந்து எனக்குத் தெரியாமல்... இல்லை. யாரும் சேரவில்லை. ஒருத்தர் தனியாகத்தான். அந்த ஹெட்ஃபோன் எனக்குப் பாட்டு நன்றாகக் கேட்கவா, அவர் கேட்காமல் இருக்கவா, இரண்டுக்குமேவா, முடியை ஒதுக்கிவிட்டு எட்டி நின்று பார்த்தாரே, அந்தப் பார்வையை மட்டும் எந்த டிராக்கில் போய்த் தேடுவேன்?

மணி மூன்றே முக்கால். அவர் உள்ளே போய் ஒரு மணி நேரம் ஆகிறது. ஒரு மணி நேரமாக ஒரு இருமல்கூட இல்லை, அதுதான் இப்போது எனக்கு உறைக்கிறது. மைக் இன்னும் திறந்திருக்கிறது, நான் அசைந்தால் பச்சைக் கோடு அசைகிறது, நான் நின்றால் நிற்கிறது. ரெக்கார்டிங்கை நிறுத்தி ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தேன், காது மடல் ஈரமாக இருந்தது. ஹால் ஃபேனைப் போட்டேன், கம்பளி ஆடியது. கதவுப் பிடியில் சிவப்புக் கிளிப் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கிறது, அவர் சாத்தியபோதும் அதைக் கழற்றவில்லை, சட்டம் சட்டம்தானே. நான் கழற்றினேன். கதவில் காதை வைத்தேன், தூணுக்குப் பின்னால் வைத்த அதே காது. உள்ளே ஃபேன் சத்தம் இல்லை, போடக்கூடாது என்றால் போடமாட்டார். கட்டில் ஒரு தடவை கிறீச்சிட்டது. விழித்துத்தான் இருக்கிறார். துணியை வாயில் வைத்துக்கொண்டு விழித்திருக்கிறார்.

“என்னங்க.”

கட்டில் மறுபடி கிறீச்சிட்டு நின்றது.

“ரெக்கார்டிங் இல்லங்க. எல்லாத்தையும் நிறுத்திட்டேன். நீங்க பயப்படாம இருமலாம்.”

சொல்லிவிட்டு நின்றேன். என்னைவிட நன்றாக மூச்சை அடக்கத் தெரிந்த மனிதர். ஹாலில் ஃபேன் காற்றில் கம்பளியின் ஓரம் மைக் ஸ்டாண்டில் பட்டுப் பட்டு விலகியது. கிளிப் என் விரலைக் கடித்துக்கொண்டிருந்தது.

“ஒரே ஒரு தடவை இருமுங்களேன், இன்னாசி. எனக்குக் கேக்கணும்.”